பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர்

சென்ற இதழில் ரோடு பைக் டயரைப் பற்றி நாலு வரி எழுதப்போக, பக்கம் பக்கமாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அநேகமாக எல்லோரிடமும் இருப்பது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய ரக பிரேக். எல்லோருக்கும் வேண்டியது அகலமான டயர். ஆகவே இந்த முறை வேறு பேச்சே இல்லை.

கே: என் ரோடு பைக்கில் 23 டயர் இருக்கிறது. 28 போடலாமா? (வங்கி ஊழியர், திருச்சி)

ப: சைக்கிளையே கேட்டுவிடுங்கள், மில்லிமீட்டரில் பதில் சொல்லும்.

டயர் எவ்வளவு அகலமோ, ரிம்முக்கு மேலே ஏறக்குறைய அவ்வளவு உயரமும் நிற்கும். 23-லிருந்து 28-க்குப் போனால் பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் பருக்கும். உயரத்திலோ முழுசாக ஐந்து கூடிவிடும். அதனால் முதல் இடி பெரும்பாலும் பிரேக்கின் அடிப்பக்கத்தில்தான்.

இப்போதுள்ள டயரில் காற்றை முழுதாக அடித்துவிட்டு அலன் கீ கொத்தை எடுங்கள். 4 மி.மீ. கீயையும் 5 மி.மீ. கீயையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் 9 மி.மீ. அந்த ஜோடியை டயரின் முதுகுக்கும் பிரேக்குக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். ஐந்து, வளரப்போகும் டயருக்கு. நாலு, காலியாகவே இருக்க வேண்டிய இடம். ஃபோர்க்கின் தலைக்கு அடியிலும், பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்கும் சீட் குழாயிடமும் இதையே செய்யுங்கள். பக்கங்களுக்கு 6 மி.மீ. கீ போதும், ஆனால் அது உரசாமல் லேசாக ஆடிக்கொண்டே போக வேண்டும். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் பாருங்கள். பிறகு, பெடல் அச்சிலிருந்து கிளம்பிப் பின்சக்கரத்தின் இரு பக்கமும் போகும் செயின்ஸ்டே குழாய்களிலும் பாருங்கள். இந்தக் கடைசி இடம் குனிந்து டார்ச் அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

எல்லா இடத்திலும் நுழைந்தால் 28. ஓரிடத்தில் இடித்தாலும் 25-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். 23-ஐ விட்டு 25-க்கு வருவதே கைக்கும் முதுகுக்கும் தெரியும்.

கே: ஏன் நாலு மில்லிமீட்டர்? எனக்கு ஒன்றரைதான் இருக்கிறது. சக்கரம் உரசாமல் அழகாகச் சுற்றுகிறதே? (கல்லூரி மாணவர், கோவை)

ப: ஸ்டாண்டில் சுற்றுகிறது, தம்பி. சாலையில் சுற்றவேண்டுமே.

புதிதாகத் தார் போட்ட சாலையின் ஓரத்தில் பொடி ஜல்லி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகல் வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டும். அதன் மேல் ஒரு ஜல்லித் துண்டு ஒட்டும். அடுத்த சுற்றில் அது பிரேக்கின் அடிக்கு வரும். இடம் இருந்தால் ‘டிக்’ என்று தட்டிவிட்டுக் கல் தெறித்துப் போகும். இல்லையென்றால் அங்கேயே செருகிக்கொண்டு டயரைச் சீவும், அல்லது சக்கரத்தையே நிறுத்தும். பின்சக்கரம் நின்றால் சறுக்குவீர்கள். முன்சக்கரம் நின்றால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவீர்கள்.

நெருக்கமாக டயர் போட்டு நாள்பட ஓட்டிய சைக்கிள் எதிலாவது முன் பிரேக்கைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் கறுப்புப் பூச்சு போய், அலுமினியம் வெள்ளையாகப் பளபளக்கும் கீறல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கல் போன வழி.

கல் மட்டும் இல்லை. குறைந்த ஸ்போக் உள்ள சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தால் ரிம் சில மில்லிமீட்டர் கோட்டம் விழும். கோட்டம் எடுக்க ஆள் கிடைக்கும்வரை அப்படியே வீடு வந்து சேர வேண்டும். கார்பன் ஃப்ரேமாக இருந்தால் அந்த உரசல் செயின்ஸ்டேயை அரம் போல ராவிவிடும். புது டயரும், மாட்டிக் காற்றடித்த இரண்டொரு நாளில் துணி இளகிக் கொஞ்சம் பருக்கும். மாட்டிய அன்று அளந்ததை மறுபடி ஒருமுறை அளப்பது அதற்காகத்தான்.

அந்த நாலு மில்லிமீட்டர் உங்களுடையது அல்ல, சாலையுடையது. அதில் கை வைக்காதீர்கள்.

கே: பிரேக்கின் அடியை அரத்தால் கொஞ்சம் ராவினால் இடம் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். (மதுரை)

ப: பிரேக், ஃபோர்க், ஃப்ரேம் இந்த மூன்றின் மேலும் அரம் படக்கூடாது. நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 28 டயர் என்று கேட்டுத்தான் வாங்கினேன். ரிம்மில் உட்காரவே மாட்டேன் என்கிறது. (கும்பகோணம்)

ப: கடைக்காரர் கொடுத்தது 28 தான். நம் ஊர் பெரிய சைக்கிள்களுக்கு, அதாவது பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அந்தக் கறுப்பு சைக்கிள்களுக்கு, போடும் 28 × 1½ அங்குல டயர் அது. அதில் 28 என்பது சக்கரத்தின் உயரம், அங்குலத்தில். ரோடு பைக்கில் 28 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் ஒரு ஜோடி எண் இருக்கும். அதைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது 28-622. பெரிய சைக்கிள் டயரில் 40-635 என்று இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 13 மி.மீ. வித்தியாசத்தை எந்த நெம்புகோலும் சரிசெய்யாது. இனிமேல் கடையில் அந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கே: டயரில் 28 என்று அச்சிட்டிருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தால் 30 காட்டுகிறது. எது உண்மை? (தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்)

ப: வெர்னியர்தான். ரிம்மின் உள் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. பருக்கும். பழைய ரோடு ரிம்களின் உள் அகலம் 13 முதல் 15 மி.மீ. வரைதான், இப்போது வருபவை 19, 21 என்று போகின்றன. ஒரே டயர், இரண்டு ரிம்மில் இரண்டு அளவு. நண்பனின் சைக்கிளில் இடித்த டயர் உங்கள் சைக்கிளில் இடிக்காமல் போவதும் இதனால்தான்.

கே: பிரேக்கில் ‘ரீச்’ என்கிறார்களே, அது என்ன? அதை மாற்றினால் இடம் கிடைக்குமா? (விருதுநகர்)

ப: பிரேக்கை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து, பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் இடம்வரை உள்ள தூரம்தான் ரீச். பந்தய சைக்கிள்களில் வரும் குட்டைக் கை பிரேக்கில் இது 39 முதல் 49 மி.மீ. கட்டை, பிரேக் கையில் உள்ள நீள்துளையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். துளையின் உச்சியில் நின்றால், ரிம் பிரேக்குக்கு மிக அருகில் இருக்கிறது. 28 கனவை மூட்டை கட்டிவிடலாம். துளையின் அடியில் நின்றால் நல்ல சேதி, மேலே இடம் இருக்கிறது.

47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் நடுத்தரக் கை பிரேக்கும் உண்டு. 55 முதல் 73 வரை எட்டும் டெக்ட்ரோ ஆர்559 போன்ற நீளக் கை ரகமும் உண்டு. ஆனால் பிரேக்கை மாற்றினால் ஃப்ரேமில் இல்லாத இடம் முளைக்காது. குட்டைக் கைக்கென்று செய்த ஃப்ரேமில் நீளக் கையை மாட்டினால் கட்டை ரிம்மைத் தாண்டி ஸ்போக்கைத் தேடிப் போகும். உங்கள் ஃப்ரேம் எந்தக் கைக்குச் செய்ததோ அதற்குள்தான் விளையாட்டு. அந்த எல்லைக்குள்ளேயே, ஷிமானோ பின்னாளில் கொண்டுவந்த ஆர்8000 போன்ற ரிம் பிரேக்குகள் 28 டயருக்கென்றே அடியில் இடம் விட்டுச் செய்தவை. பழைய பிரேக் மட்டுமே தடை என்றால் இந்த மாற்றம் காசுக்கு மதிப்பு.

கை நீண்டால் பிடி கொஞ்சம் குறையும். நல்ல கட்டையாகப் போட்டு ஈடுகட்டுங்கள்.

கே: அப்பாவின் பழைய ராலே ரோடு சைக்கிள், 27 அங்குலச் சக்கரம். அகல டயர் கிடைக்கவில்லை. (பினாங்கு)

ப: உங்களுக்குத்தான் இந்த இதழின் அதிர்ஷ்டப் பரிசு. 27 அங்குல ரிம் 630; இன்றைய 700சி ரிம் 622. சக்கரத்தை 700சி-க்கு மாற்றினால் சுற்றிலும் 4 மி.மீ. இடம் சும்மா கிடைக்கும். பிரேக் கட்டையை மட்டும் அதே 4 மி.மீ. கீழே இறக்க வேண்டும். துளையில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் சக்கரம் வாங்குங்கள். பின்சக்கர ஹப்பின் அகலமும் பழைய ஃப்ரேமில் வேறாக இருக்கும், அளந்துகொள்ளுங்கள். அப்பாவின் சைக்கிளில் 32 டயர் ஓடும் நாள் தூரத்தில் இல்லை.

கே: 28 போட்டேன், வழக்கம்போல 110 பி.எஸ்.ஐ. அடித்தேன். முன்னைவிடத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஏமாந்துவிட்டேனா? (ஆசிரியை, கோவில்பட்டி)

ப: டயரை மாற்றினீர்கள், காற்றை மாற்றவில்லை. இன்று வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் அகல டயரின் பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

டயர் துணியின் இறுக்கம், காற்றழுத்தத்தை மட்டும் பொறுத்தது அல்ல. டயரின் ஆரத்தையும் பொறுத்தது. அழுத்தம் அதுவே இருக்க ஆரம் கூடினால் துணி இன்னும் விறைக்கும். 110-ல் நின்ற 23-ஐவிட 110-ல் நிற்கும் 28 கட்டையாக ஓடுவது அதனால்தான். உங்கள் உடம்பு சொன்னது பொய் இல்லை.

எவ்வளவு குறைக்க வேண்டும்? அமெரிக்கரான ஃபிராங்க் பெர்ட்டோ டயர்கள் மேல் பாரம் வைத்து அளந்து ஒரு வழி சொன்னார்: நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 28 டயருக்கு அது சுமார் 4 மி.மீ. எண்ணாகச் சொன்னால், 70 கிலோ எடை உள்ளவர் 10 கிலோ சைக்கிளில் பின்னால் 75 முதல் 80, முன்னால் 65 முதல் 70 பி.எஸ்.ஐ.-யில் தொடங்கலாம். பாரம் பின்னால்தான் அதிகம். அதனால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே எண் வேண்டாம். எடை ஐந்து கிலோ கூடினால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். பள்ளத்தில் இறங்கி டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழுந்தால் ரொம்ப இறக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் வழியில் ஒருமுறை 110-லும் ஒருமுறை 75-லும் போய்விட்டு வாருங்கள். அதன்பின் எனக்கு எழுதவே தோன்றாது.

கே: காற்று குறைந்தால் வேகம் குறையுமே? வாத்தியார் சொல்லிக்கொடுத்த இயற்பியல் என்ன ஆனது? (பொறியாளர், சேலம்)

ப: இயற்பியல் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடி போல வழவழவென்ற உருளையில் டயரை ஓட்டினால் காற்று ஏற ஏற உருளும் தடை குறையும், உண்மை. சேலத்துச் சாலை உருளை இல்லையே! விறைத்த டயர் ஒவ்வொரு மேட்டிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்குகிறது. அந்தச் சக்தி உங்கள் கால் கொடுத்தது. அதிர்வாக உங்கள் தசையிலேயே போய்ச் சூடாகக் கரைகிறது. இளகிய டயர் மேட்டைத் தானே விழுங்கிவிட்டு நேரே போகும். சியாட்டிலிலிருந்து ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழை நடத்திய யான் ஹைனே, நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைகள் மேலேயே ஓட்டி அளந்து, இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்று காட்டினார். பந்தய அணிகளே 23-லிருந்து 25-க்கும் பிறகு 28-க்கும் மாறிவிட்டன. வேகம் குறைவதை அவர்கள் ஏற்பார்களா?

ஒரு மறுப்பும் உண்டு. டயர், ரிம்மைவிட ரொம்பப் புடைத்து நின்றால் அதிவேகத்தில் காற்றுத் தடை கூடும். 40 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகிறவர் மட்டும் அதற்குக் கவலைப்படட்டும்.

கே: தம்பி, என் பையன் அகல டயருக்காக டிஸ்க் பிரேக் சைக்கிளே வேண்டும் என்கிறான். லட்சத்துக்கு மேல் ஆகுமாம். ரிம் பிரேக் அவ்வளவு மோசமா? (ஒரு தாய், ஈரோடு)

ப: இல்லை அம்மா. 2020-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை போகாச்சர் என்ற 21 வயதுப் பையன் வென்றது ரிம் பிரேக் சைக்கிளில்தான். உங்கள் பையனுக்கு 32-க்கு மேல் டயர் வேண்டும், மண் சாலையில் ஓட்ட வேண்டும், மழையில் தினமும் மலை இறங்க வேண்டும் என்றால் டிஸ்க் நியாயம். 25-ம் 28-ம் போதும் என்றால், நல்ல டயர் ஒரு ஜோடி, புது பிரேக் கட்டை, புது கேபிள் வாங்கிக் கொடுங்கள். லட்சத்தில் சிறு பங்குதான் ஆகும். மீதியை அவன் படிப்புக்கு வையுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் உள்ள அலன் கீ சோதனையை அவனையே செய்யச் சொல்லுங்கள்.

கே: பத்து வருடப் பழைய சக்கரம். டயர் மட்டும் புதுசு போட்டால் போதும்தானே? (நாகர்கோவில்)

ப: ரிம்மைப் பார்க்காமல் போடாதீர்கள். ரிம் பிரேக்கில் தேய்வது கட்டை மட்டுமல்ல, ரிம்மும்தான். மழையில் சாலைச் சேறு கட்டையில் புதைந்து அலுமினியத்தைச் சுரண்டும். பிரேக் பிடித்ததும் ஒழுகும் அந்தச் சாம்பல் நிறத் தண்ணீர் உங்கள் ரிம் கரைந்து வருவதுதான். இரண்டு மழைக்காலமும் பெறும் உங்கள் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கட்டை படும் இடத்தில் ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பை நெட்டுக்குத்தலாக வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்துவிட்டது. பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு கோடோ சிறு குழியோ இருக்கும். அது மறைந்திருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. அழுத்தம் ஒன்றாகவே இருந்தால், அகல டயர் ரிம் சுவரை வெளிப்பக்கம் இன்னும் பலமாகத் தள்ளும். தேய்ந்த சுவர் அதற்குத் தாங்காது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பிளக்கும். சேறான பயணத்துக்குப் பிறகு ரிம்மைத் துடைத்து, கட்டையில் பதிந்த மணலையும் அலுமினியப் பொடியையும் ஊசிமுனையால் நோண்டி எடுப்பவரின் ரிம் நீண்ட நாள் உழைக்கும்.

கே: 28 போட்டபின் காற்றோடு சக்கரத்தைக் கழற்ற முடியவில்லை. கட்டைகள் விட மறுக்கின்றன. (புதுச்சேரி)

ப: ஷிமானோ என்றால் பிரேக்கின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை மேலே திருப்பினால் கைகள் விரியும். காம்பக்னோலோவில் அந்த வேலையை பிரேக் லிவரில் உள்ள ஊசி செய்யும். அப்படியும் போகாவிட்டால் காற்றை இறக்கிக் கழற்றி, மாட்டியபின் அடியுங்கள். வழியில் பஞ்சர் ஆனால் எப்படியும் காற்று இருக்காது, கவலை வேண்டாம். மாட்டி முடித்ததும் அந்த நெம்புகோலை மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்பி, பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள். திறந்து கிடக்கும் பிரேக்கோடு இறக்கத்தில் இறங்கக் கூடாது.

இன்னொன்றும் அங்கேயே பாருங்கள். அகல டயர் ரிம்முக்கு வெளியே புடைத்து நிற்கும். கட்டையை முன்பு கொஞ்சம் மேலே வைத்திருந்தால் அதன் மேல்விளிம்பு இப்போது டயரின் சுவரில் உரசும். கட்டை தேயத் தேய இந்த வகைப் பிரேக்கில் அது டயர்ப் பக்கம் இன்னும் ஏறலாம். ரப்பர் சுவர் நூலாகப் பிரிந்து ஒரு நாள் வெடிக்கும். பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாருங்கள்: கட்டைக்கு மேலே ரிம்மின் வெள்ளி விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது தெரிய வேண்டும்.

கே: முன்னால் 28 போகிறது, பின்னால் 25-க்கு மேல் போகவில்லை. அப்படியே ஓட்டலாமா? (தஞ்சாவூர்)

ப: தாராளமாக. கைக்கு வரும் அதிர்வும், வளைவில் வேண்டிய பிடிமானமும் முன்சக்கரத்தின் பொறுப்பு. பின்னால் 25-க்குக் காற்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

கே: கொல்லிமலை இறங்கப் போகிறோம். ரிம் சூடாகி டயர் வெடிக்கும் என்கிறார்களே? (நாமக்கல்)

ப: 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே போனால் ரிம் தொடமுடியாத அளவுக்குச் சுடும். வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள்; பிறகு முழுதாக விடுங்கள், காற்று ரிம்மை ஆற்றும். கார்பன் ரிம்மில் லேடெக்ஸ் டியூப் வேண்டாம். பிளாஸ்டிக் போன்ற டிபியு டியூப் வைத்திருந்தால் ரிம் பிரேக்குக்கு ஏற்றதா என்று அதன் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் மழை பிடித்தால், ஈர ரிம்மைக் கட்டை முதலில் ஒன்றிரண்டு சுற்றுத் துடைத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். அந்தத் தூரத்தையும் கணக்கில் வையுங்கள்.

கே: டயர் மாற்றினால் கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் மாற்றவேண்டுமா? (வேலூர்)

ப: சக்கரத்தில் காந்தம் வைத்து எண்ணும் மீட்டர் என்றால், ஆம். 23-க்கும் 28-க்கும் சுற்றளவில் சுமார் 31 மி.மீ. வித்தியாசம். மாற்றாவிட்டால் பிரெவே என்னும் 200 கி.மீ. நெடும்பயணத்தில் நீங்கள் மிதித்த 3 கி.மீ. கணக்கில் வராது. ஜிபிஎஸ் மீட்டருக்கு இந்தக் கவலை இல்லை.

கே: கழற்றிய பழைய 23 டயர்களை என்ன செய்வது? தூக்கிப் போட மனம் வரவில்லை. (யாழ்ப்பாணம்)

ப: ஒன்றை மட்டும் வெட்டுங்கள். கண்ணாடியோ கம்பியோ டயரைக் கீறிவிட்டால் டியூபை மட்டும் ஒட்டிப் பயனில்லை, அது கிழிசல் வழியே பிதுங்கும். பழைய டயரில் ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டு எடுத்து, ஓரக் கம்பிகளை நீக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுவையுங்கள். கிழிந்த இடத்தில், டயருக்கும் டியூபுக்கும் நடுவே அதை வைத்துக் காற்றடித்தால் வீடு வந்து சேரலாம். அகல டயரில் அழுத்தம் குறைவு என்பதால் ஒட்டு இன்னும் நன்றாக நிற்கும். வெட்டிய துண்டின் நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக நறுக்கிவிடுங்கள்; கூரான மூலை டியூபைக் குத்தும்.